அண்ணன் பெயரில் ஒரு நாய்

“கடிக்கும். தெரிந்துகொண்டு வரவும்” என்று அந்தப் படத்தின் கீழே பேனாவால் எழுதியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி மாதம் ஒருமுறை நான் தலைக்குச் சாயம் போடப் போகும் ஜொகூர் பாரு சலூனில், கண்ணாடி ஓரத்தில் அதை ஒட்டிவைத்திருந்தார்கள். தத்துக்கொடுக்கும் நாய்களின் படங்களை நான் பார்த்திருக்கிறேன். நாக்கைத் தொங்கவிட்டு, தலையைச் சாய்த்து, என்னை எடுத்துக்கொள்ளேன் என்று கெஞ்சும். இது கெஞ்சவில்லை. படம் எடுத்த ஆளை அங்கேயே கடித்துக் குதறிவிடும்போல முறைத்துக்கொண்டிருந்தது. ஒரு காதில் பாதியைக் காணோம். சாயம் ஊற வேண்டும் என்று உட்காரவைத்த முக்கால் மணி நேரமும் நானும் அதைப் பதிலுக்கு முறைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதை ரொம்பப் பிடித்துவிட்டது.

என் குணத்தை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறேன். ஆணி, கீல், தாழ்ப்பாள், பூட்டு. வருகிறவர்கள் பெரும்பாலும் கான்ட்ராக்டர்கள். அளவைத் தப்பாகச் சொல்லி வாங்கிப் போய்விட்டு, நான்தான் தப்பாகக் கொடுத்தேன் என்று மத்தியானம் திரும்பி வந்து நிற்பார்கள். தமிழிலும் மலாயிலும் ஹொக்கியனிலும் எனக்குத் திட்டத் தெரியும். அரை அங்குலத் திருகாணிக்காக ஓர் ஆளைக் கடையை விட்டே துரத்தியிருக்கிறேன். முதலாளி எழுபதைத் தாண்டிய சீனர். சண்டை ஆரம்பித்ததும் உள்ளே போய்விடுவார். முடிந்ததும் வெளியே வந்து எனக்கு ஒரு காப்பி வாங்கித் தருவார்.

வீட்டிலும் இதே கதைதான். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஈசூனில் அரசாங்க அடுக்குமாடியில் இருக்கும் என் வீவக வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். அம்மா படுத்த பிறகு பதினோரு வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒருநாள்கூடச் சண்டை இல்லாமல் போனதில்லை. கஞ்சியில் உப்பு கூட, மின்விசிறி வேகம் கூட, நான் பேசுவதே கூட. அம்மா போன பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, “துணைக்கு யாராச்சும் வேணும்லா” என்றார்கள். துணையாவது மண்ணாவது. எனக்கு எதிரே நின்று முறைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அதனால் அடுத்த விடுமுறையில் மறுபடியும் கடற்பாலத்தைத் தாண்டி, ஒரு வாடகைக் காரைப் பிடித்து, செனாய்ப் பக்கம் இருந்த அந்த நாய்க் காப்பகத்துக்குப் போனேன். தகரக் கூரை, கம்பி வேலி, எண்பது நாய்களின் ஊளை. நடத்துகிறவள் ஒரு தமிழ்ப் பெண். என் வயதுதான் இருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் தண்ணீர்க் குழாய். என்னைப் பார்த்த பிறகும் குழாயை மூடவில்லை.

“சிங்கப்பூரா? போட்டோ எடுக்க வந்தீங்களா, நாய் எடுக்க வந்தீங்களா?” என்று கேட்டாள்.

நாய் எடுக்கத்தான் என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றாள். சலூனில் ஃபோனில் பிடித்துவந்த படத்தைக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் குழாயை மூடினாள். ஒரு செம்பனைத் தோட்டத்தில், காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் கழுத்து மாட்டி மூன்று நாள் கிடந்ததாம். அறுத்து எடுத்தவரைக் கடித்ததாம். தூக்கி வந்தவரைக் கடித்ததாம். இவளை இரண்டு தடவை. “இத எடுத்துட்டுப் போயி ரெண்டு மாசத்துல கொண்டாந்து விடுறதுன்னா இப்பவே போயிடுங்க” என்றாள். இவளுக்கும் எனக்கும் ஒத்துப்போகும் என்று தோன்றியது. ஆனால் அன்றைக்கு ஒத்துப்போகவில்லை. நான் என்ன வேலை, யாரோடு இருக்கிறேன், எத்தனை மணிக்கு எழுந்திருப்பேன், செத்துப்போனால் நாயை யார் பார்ப்பார்கள் என்று அவள் கேட்டுக்கொண்டே போக, பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இத்தனை கேள்வி கேட்டதில்லை என்று நான் கத்த, நாய்கள் எங்கள் இருவரையும் பார்த்துக் குரைத்தன.

அந்த நாய் மட்டும் குரைக்கவில்லை. கூண்டின் கோடியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஒரு மணி நேரம் நானும் உட்கார்ந்திருந்தேன். திரும்பவே இல்லை. அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும். நான்காவது தடவை, வீசியெறிந்த கோழித்துண்டை, நான் வேறு பக்கம் பார்க்கும்வரை காத்திருந்து எடுத்துத் தின்றது. சரி, முடிந்தது விஷயம் என்று நினைத்துக்கொண்டேன்.

முடியவில்லை. வீவக வீட்டில் வளர்க்கலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் சின்ன ஜாதி நாய்கள். நம்மூர்த் தெருநாய்களுக்கென்று தனியாக ஒரு திட்டமும் இருக்கிறது, ஆனால் அது இங்கே உள்ள காப்பகங்கள் வழியாக வருவதற்கு. ஜொகூர்த் தோட்டத்துக் கழுதையளவு நாய்க்கு ஈசூன் பத்தாம் மாடியில் இடமில்லை. எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. அதைத்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் எப்போதும் செய்வோம். அண்ணன் பெயரில் போட்டுவிடுவது.

அண்ணனுக்குச் சிராங்கூனில் தரைவீடு. முன்னால் கார் நிறுத்த இடம், சின்னத் தோட்டம். சட்டப்படி அங்கே நாய் வளர்க்கலாம். நாய் அங்கே இருக்கட்டும், காலையிலும் சாயங்காலமும் நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்பது என் திட்டம். இதைச் சொன்னபோது அந்தக் காப்பகக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நாயி ஒங்களுக்கா, ஒங்க அண்ணனுக்கா?”

“எங்க குடும்பத்துல பேரப் பாத்து எதையும் பிரிக்கிறதில்ல” என்றேன். நல்ல கோபத்தோடுதான் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தாள்களை நீட்டினாள்.

உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். எனக்குப் பதினான்கு வயதில் அப்பா தவறிவிட்டார். அதிலிருந்து வீட்டுத் தொலைபேசி, மின்சாரக் கட்டணம், அம்மாவின் நகை வைத்திருந்த வங்கிப் பெட்டகம், எல்லாம் அண்ணன் பெயரில். அவர் கல்யாணமாகித் தனியே போன பிறகும் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியில் அம்மாவின் அட்டையில், அவசரத்துக்கு அழைக்கவேண்டியவர் என்ற இடத்தில் அண்ணன் பெயர். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தவள் நான். டாக்டர் என்னைத் தாண்டிப் போய் அவருக்கு ஃபோன் போடுவார், அவர் எனக்கு ஃபோன் போட்டு டாக்டர் சொன்னதைச் சொல்வார். சொந்தக்காரர்களின் கல்யாணப் பத்திரிகை அண்ணன் பெயருக்கு வரும், கீழே ‘மற்றும் குடும்பத்தினர்’ என்று போட்டிருக்கும். நான்தான் அந்தக் குடும்பத்தினர். திருகாணிக்கு ஊரைக் கூட்டுகிற நான் இதற்கு ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. திறக்கவேண்டும் என்றே தெரியவில்லை.

அண்ணன் செய்தித்தாளைக்கூட முழுசாக மடிக்கவில்லை. “ஒரு கையெழுத்துதான, குடு” என்று வாங்கிப் போட்டார். அண்ணிக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. நாய் வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது, சாமியறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது, அதன் முடி ஒன்று அவள் கண்ணில் படக்கூடாது என்று சட்டம் போட்டாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் தலை வலிக்கிறது. மைக்ரோசிப், வெறிநாய்க்கடி ஊசி, சில வாரம் காத்திருந்து ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது, முடிவு வந்த பிறகு மறுபடியும் காத்திருப்பது, இறக்குமதி உரிமம், அந்தப் பக்கத்து அரசாங்கத்துச் சான்றிதழ், இந்தப் பக்கத்தில் தனிமைப்படுத்தும் நிலையத்தில் இடம். ஒரு தாளில் நாயின் நிறம் பழுப்பு, இன்னொன்றில் சாம்பல் என்று எழுதிவிட்டார்கள். அதற்காக ஒரு முழுநாள் அங்கே போய்ச் சண்டை போட்டேன். எல்லாத் தாளிலும் உரிமையாளர் என்ற இடத்தில் அண்ணன் பெயரை என் கையாலேயே, பெரிய எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

தனிமைப்படுத்தும் நிலையத்தில் பார்க்கப் போகிறவர்கள் கூண்டுக்கு வெளியே நின்று கொஞ்சுவார்கள். ராஜா, செல்லம், அம்மா வந்துட்டேன் பாரு. நான் போய் நிற்பேன். அது முதுகைத் திருப்பிக்கொள்ளும். “ரொம்பத்தான் பண்ணாத. ஒனக்காக நான் எத்தன பேருகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன் தெரியுமா?” என்று திட்டிவிட்டு வருவேன். பக்கத்துக் கூண்டுக்காரர்கள் என்னைப் பார்த்து ஒதுங்கி நின்றார்கள்.

ஒருவழியாகச் சிராங்கூன் வந்து சேர்ந்தது. தினமும் விடியுமுன் எழுந்து ஈசூனிலிருந்து அங்கே போய், அதை நடக்கவைத்து, சோறு வைத்து, இடத்தைக் கழுவிவிட்டு, ஜாலான் புசாருக்கு வேலைக்கு ஓடுவேன். கடை மூடியதும் மறுபடியும் அங்கே. முதல் மாதத்திலேயே என் மணிக்கட்டைக் கடித்தது. இரண்டு தையல். கடையில் கேட்டார்கள், கீல் கிழித்துவிட்டது என்றேன். அண்ணியிடமும் அதையே சொன்னேன். கடித்தது தெரிந்தால் அன்றே துரத்திவிடுவாள். ஆனால் மூன்றாம் மாதம், நடந்துகொண்டிருக்கும்போது பெருமழை பிடித்துக்கொண்டு, ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றபோது, அது தன் எடை முழுவதையும் என் காலில் சாய்த்து நின்றது. நான் அசையவில்லை. இரண்டு பேருந்தைத் தவறவிட்டேன். வேலைக்கு அன்றைக்கு ஒரு மணி நேரம் தாமதம். வாழ்க்கையில் யாரும் என்மேல் அப்படிச் சாய்ந்ததில்லை, அதனால் எழுதிவைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் அந்த வயிற்றெரிச்சல். ஒரு சாயங்காலம் போனால் வாசலில் நாயைக் காணோம். கூடத்தில் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவர் காலடியில் அது மல்லாந்து கிடக்கிறது. வயிற்றைக் காட்டிக்கொண்டு! அண்ணன் ஒரு கிண்ணத்திலிருந்து அவித்த ஈரலைத் துண்டு துண்டாக ஊட்டிக்கொண்டிருந்தார். அண்ணி போட்ட சட்டமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“சாரல் அடிச்சுச்சு, அதான் உள்ள விட்டேன்” என்றார். வெளியே சொட்டு மழை இல்லை.

அண்ணன் துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் ஆஸ்திரேலியாவில். அண்ணி பொழுதுக்கும் அவளோடு ஃபோனில் இருப்பாள். அண்ணன் எங்கே போகிறார், எப்போது வருகிறார் என்று அந்த வீட்டில் கேட்பார் யாரும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதற்காக என் நாயை எடுத்துக்கொள்வதா? அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கொஞ்சிக் கூப்பிட்ட பெயர். பெட்டை நாயை அவள், இவள் என்றுதான் பேசினார். நான் அந்தப் பெயரால் அதை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. ‘ஏய்’ என்றால் எனக்கு அது திரும்பிப் பார்க்கும், அது போதும் என்றிருந்தேன்.

இப்போது ‘ஏய்’ என்றால் எழுந்து வரும். வாரைக் கழுத்தில் மாட்ட நிற்கும். தெருமுனை வரைக்கும் வரும். அங்கே நின்று திரும்பி வீட்டைப் பார்க்கும். இழுத்தால் வரும், வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வரும். திரும்பும்போது மட்டும் என்னை இழுத்துக்கொண்டு ஓடும். வேலி திறந்ததும் நேராக அவர் நாற்காலிக்கு. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஐம்பத்து நான்கு வயதில், ஒரு நாய் விஷயத்தில், சொந்த அண்ணன்மேல் பொறாமை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எழுந்தவள் நான், கழுவியவள் நான், கடி வாங்கியவள் நான். ஈரல் ஊட்டியவர் அவர்.

ஒரு சனிக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். எதிரே ஓர் ஆளுக்குப் பூட்டு எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஃபோன் செய்தார்.

“நாங்க மக கிட்டயே போயிடலாம்னு முடிவு பண்ணிட்டோம். வீட்ட வாங்கவும் ஆளு கெடச்சாச்சு” என்றார். மூச்சுவிடாமல் தொடர்ந்தார். “இவளையும் கூட்டிட்டுப் போறோம். ஒனக்குத்தான் இந்த ஃபாரம் எல்லாம் அத்துப்படி ஆச்சே. அப்டியே ஆஸ்திரேலியாவுக்கும் போட்டுக் குடுத்துடு.”

கையிலிருந்த பூட்டைக் கவுண்டரில் வைத்தேன். வைத்ததாகத்தான் எனக்கு ஞாபகம். எதிரே நின்றவர் தன்மேல் எறியப்போகிறேன் என்று பயந்து பின்னால் போய்விட்டதாக முதலாளி பிறகு சொன்னார்.

“அது என் நாயி” என்றேன்.

“லைசென்ஸ் யாரு பேர்ல இருக்கு?” என்றார் அண்ணன்.

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அதுதான் என்னைக் கொளுத்திவிட்டது. மணி என்ன என்று கேட்பதுபோலக் கேட்டார். அவருக்கு அதில் பேச எதுவும் இருப்பதாகவே தோன்றவில்லை. நாயின் உரிமையாளர் அவர். மின்சாரக் கட்டணத்தின் உரிமையாளர் அவர். ஓடியாடிச் செய்வதற்கு நான் இருக்கிறேன்.

அன்று நான் ஃபோனில் கத்தியதை இங்கே எழுத முடியாது. கத்தி முடித்துவிட்டு விசாரித்தேன். ஊசி போடும் கிளினிக்கிலும் கேட்டேன், உரிமம் கொடுக்கும் இடத்திலும் கேட்டேன். இரண்டு இடத்திலும் பணிவாக ஒரே பதில்தான் சொன்னார்கள். உரிமையாளர் மனசு வைத்து மாற்றிக் கொடுத்தால்தான் உண்டு. அப்படியே மாற்றினாலும், நாய் வளர்க்க அனுமதியுள்ள முகவரி என்னிடம் இருக்கவேண்டும். என் கையெழுத்தில் ஒரு கோப்பு நிறையத் தாள் இருக்கிறது, ஒன்றில்கூட என் பெயர் இல்லை.

முதலாளியிடம் போனேன். கடைக்கு மேல்மாடியில் அவருடைய பழைய குடியிருப்பு பூட்டிக் கிடந்தது. வாடகைக்குக் கொடுப்பீர்களா, நாயோடு வருவேன் என்றேன். கடிக்குமா என்று கேட்டார். கடிக்கும் என்றேன். நல்லது, திருடன் வரமாட்டான் என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துவந்தார். ஈசூன் வீட்டை வாடகைக்கு விட்டேன். அம்மாவின் கட்டிலை எடுத்துப்போகச் சொல்லி ஆள் பிடித்தேன். பத்தாம் மாடிக் காற்றும், சொந்தச் சமையலறையும், பதினைந்து வருடம் தவணை கட்டி முடித்த வீடும் போய், லாரிச் சத்தத்துக்கு மேலே ஓர் அறையும் ஒரு குளியலறையும். பக்கத்து வீட்டுக்காரர்கள் எனக்குப் பைத்தியம் என்றார்கள். இருக்கலாம் என்றேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிராங்கூன் போனேன். கூடம் முழுக்க அட்டைப்பெட்டி. அண்ணன் நாற்காலியில் இருந்தார், நாய் அவர் காலடியில். என்னைப் பார்த்ததும் வாலை இரண்டு முறை ஆட்டிவிட்டுத் தலையை மறுபடி அவர் செருப்பின்மேல் வைத்துக்கொண்டது.

நான் உட்காரவில்லை. நாயின் ஊசிப் புத்தகம், ரத்தப் பரிசோதனை முடிவு, எல்லை தாண்டிய சான்றிதழ் எல்லாம் அசலாக என்னிடம்தான் இருக்கிறது, ஒன்றையும் தரமாட்டேன் என்றேன். புதிதாக ஆரம்பித்தால் மாதக்கணக்கில் ஆகும், நீங்கள் கிளம்புவதற்குள் நடக்காது என்றேன். பச்சையான மிரட்டல்தான். வரும் வழியெல்லாம் பேருந்தில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். அண்ணி சமையலறையிலிருந்து, “குடுத்துத் தொலைங்களேன், அங்க வந்து இத யாரு பாக்குறது” என்றாள். முதல்முறையாக அவள் என் பக்கம் பேசினாள். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

அண்ணன் குனிந்தார். நாயின் அந்தப் பாதிக் காதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“நான் உள்ள வந்தா தலைய நிமித்திப் பாக்குறது இது ஒண்ணுதான்” என்றார்.

அண்ணி காதில் விழுந்திருக்கும். பாத்திரச் சத்தம் நின்றது. அங்கேயே விட்டிருக்கலாம். சரி அண்ணே, கூட்டிட்டுப் போங்க என்று சொல்லிவிட்டு, இருந்த தாளையெல்லாம் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். எத்தனையோ முறை அப்படிப் போனவள்தானே நான். ஆனால் அன்றைக்கு என் வாய் வேறு விதமாகத் திறந்தது. பிறந்ததிலிருந்து அவரை நீங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

“பதினோரு வருஷம் அம்மா மூத்திரத் துணிய நான் அலசுனேன். கடைசி நாளு ஆஸ்பத்திரியில நர்சுங்க ஒன் பேரத்தான் கூப்டாங்க. நீ வர்ற வரைக்கும் என்னைய உள்ள விடல. வெளிய பெஞ்சில ஒக்காந்திருந்தேன். நீ வந்து, உள்ள போயி, வெளிய வந்து, அம்மா போயிட்டாங்கன்னு எனக்குச் சொன்ன. இது ஒண்ணாவது என் பேர்ல வரணும்.”

‘நீ’ என்று நான் சொன்னதை அவர் கவனித்தாரா என்று தெரியாது. என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் அதை மறந்தே போயிருந்தார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. அந்த வெளிப் பெஞ்சை. மறக்கவில்லை, அவர் அதைப் பார்க்கவே இல்லை. மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஃபோனைக் கையில் எடுத்தார். உரிமத்தை மாற்றிக் கொடுக்கும் பக்கத்தைத் திறக்க அவருக்குத் தெரியவில்லை. நான்தான் பக்கத்தில் குனிந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். கடைசிப் பக்கம் வந்தது.

“எத அழுத்தணும்?” என்று கேட்டார்.

காட்டினேன். அழுத்தினார்.

நான் சொல்லிவைத்திருந்த, நாய்களை ஏற்றும் வேன் வெளியே வந்து நின்றது. அது ஏற மறுத்தது. நான் தள்ளினேன், இழுத்தேன், ‘ஏய்’ என்றேன். நான்கு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றது. கடைசியில் அண்ணன் செருப்பில்லாமல் இறங்கி வந்து, முதுகு வலிக்காரர், அந்தக் கனத்தைத் தூக்கி உள்ளே வைத்தார். அது அவர் காதை நக்கியது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

மூன்று நாள் அது சாப்பிடவில்லை. ஈரல் அவித்து வைத்தேன், அதைக்கூடத் தொடவில்லை. மாடிப்படி உச்சியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கீழே ஆண்களின் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கும். ஆள் வேறு என்று தெரிந்ததும் மறுபடி படுக்கும். ஜாலான் புசாரில் காலையிலிருந்து எத்தனை ஆண்கள் நடப்பார்கள்! இப்போதெல்லாம் அது என்னைக் கடிப்பதில்லை. கடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது. நாலாம் நாள் சாப்பிட்டது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்ட பிறகு.

விமான நிலையத்துக்குப் போனேன். பெட்டி எடையைப் பற்றிப் பேசினோம். அண்ணி அழுதாள். “சாப்டுதா?” என்று அண்ணன் கேட்டார். நல்லாச் சாப்பிடுது என்றேன்.

அண்ணன் அங்கே போய்ச் சேர்ந்த முதல் ஞாயிறே வீடியோவில் கூப்பிட்டார். காட்டு என்றார். எப்படி இருக்கிறாய் என்று என்னைக் கேட்கவில்லை, நானும் அவரைக் கேட்கவில்லை. ஃபோனை நாயின் முன்னால் பிடித்தேன். அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது எழுந்தது. ஃபோனுக்குப் பின்னால் போய்ப் பார்த்தது. கதவுக்குப் பின்னால் பார்த்தது. குளியலறைக்குள் பார்த்தது. பிறகு நான் எட்டிப் பிடிப்பதற்குள் படியிறங்கிக் கடைக்குள் ஓடி, நின்ற ஒவ்வோர் ஆளின் காலையும் முகர்ந்துவிட்டுத் தெருவில் இறங்கியது. லாரிகளுக்கு நடுவே அதன் பின்னால் ஓடினேன். ஓர் ஓட்டுநர் பிரேக்கை மிதித்துவிட்டு என்னைத் திட்டினார், நான் திருப்பித் திட்டவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு தங்கும்விடுதி வாசலில், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கிழவரின் முன்னால் அது நின்றுகொண்டிருந்தது. அவர் அண்ணன் இல்லை என்று அதற்கு அதற்குள் தெரிந்துவிட்டது. வாரை மாட்டிக் கூட்டிவந்தேன். மாடிக்கு வந்து பார்த்தால் ஃபோன் தரையில் கிடந்தது, அண்ணன் இன்னும் அதில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அணைத்தேன்.

உரிமம் என் பெயரில் இருக்கிறது. கடையில் கண்ணாடிக்கு அடியில் ஒரு நகல் வைத்திருக்கிறேன், வேண்டியவர் பார்க்கலாம். செய்தது தப்பு என்று யாராவது சொன்னால் அவர்களோடு சண்டைக்குப் போவேன். மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் இதையேதான் செய்வேன். அண்ணன் விடாமல் வாராவாரம் கூப்பிடுகிறார். நான் வீடியோவை அணைத்துவிட்டு, ஃபோனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு பேசுகிறேன். அப்படியும் அதன் காதுக்கு அந்தக் குரல் எட்டிவிடுகிறது. நேற்றும் கூப்பிட்டார். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாம். பிறகு, “என்ன பண்ணுது?” என்று கேட்டார்.

“தூங்குது” என்றேன்.

அது என் எதிரே நின்று, ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தது.

“சரி, எழுப்பாத” என்றார் அண்ணன்.